ஒரே ஆள் மன்றம்

அண்மையில் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாழ்த்து மழை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களையே ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்களாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவருக்கு, கிரீடம் வைத்த பொம்மைப் படம் போட்டு, ‘இனிமே உங்க ராஜ்ஜியம்தான் சார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே கை கூப்பும் படங்கள் வரிசையாக. நான் ஓய்வு பெற்றவள், பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. ‘இது ராஜ்ஜியம் இல்லை, ஊரின் வாயைக் கட்டிப் போட்ட காலம்’ என்று எழுதினேன். பிறகு ஒருவர், ‘மேடம், உங்க அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதுங்களேன்’ என்று நைசாகப் பேச்சை மாற்றினார். எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். வயதான காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் என்று யாரும் புத்தி சொல்ல வேண்டாம், அது ஏறி வெகுகாலம் ஆகிறது.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள் நான். பதிவறைத் தூசியைத் தின்று தும்மிக்கொண்டே பாதி இளமை போயிற்று. மாரியூர்ப் பக்கம் தொகுப்பு வீடு அளக்கப் போய் உச்சி வெயிலில் மயங்கி விழுந்ததும், தேர்தல் வேலையில் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடியதும் மீதி. படிப்படியாக ஏறி, கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலராக ஒரு கடற்கரை ஒன்றியத்துக்கு வந்தேன். வந்து நாற்காலி சூடாவதற்குள் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த முறையும் தேர்தல் நடக்கவில்லை. ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிகளுக்கும் நானே தனி அலுவலர் ஆனேன்.

அதில் ஓர் ஊரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். இராமேஸ்வரம் சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் வரும் ஊர்களில் ஒன்று, பட்டினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணக்கார ஊர். பாட்டன் காலத்தில் தோணி விட்டவர்கள், இன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். மாடி வீடுகளும் பளிங்குத் தரையுமாகப் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும், காவலுக்கு ஒரு வயதான மாமியும் ஒரு கேமராவும் இருப்பார்கள். அதே ஊராட்சியில், சாலைக்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டைத் தாண்டினால் மேலக்குடியிருப்பு. எல்லாரும் விவசாயக் கூலிகள். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் உண்டு, பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். மற்றபடி அடுப்பு எரிவது நூறு நாள் வேலையில். ஊருணி தூர்வாருவது, கண்மாய்க் கரை கட்டுவது. பட்டினம் செழிப்பாக இருந்தது, குடியிருப்பு பிழைத்துக் கிடந்தது. இரண்டுக்கும் ஊராட்சி ஒன்றுதான்.

தனி அலுவலர் ஆட்சி எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். தலைவரும் உறுப்பினர்களும் சேர்ந்த மன்றம் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே ஆள் செய்வார். ஊராட்சி செயலர் பொருள் குறிப்பு எழுதி, ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது’ என்று முடித்து என் முன்னால் வைப்பார். அதன் கீழே நான், ‘மன்றம் பரிசீலித்தது, ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மன்றம் என்பது நான், பரிசீலித்தவள் நான், ஏகமனது என்பது என் ஒருத்தி மனது. முதல் தடவை எழுதும்போது சிரிப்பு வந்தது. செயலரைப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது பழகிப்போன வாசகம். நாலைந்து கூட்டத்துக்குள் எனக்கும் பழகிவிட்டது. பழகியதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் வருகிறது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஊர் நன்றாகத்தான் நடந்தது. கடற்கரையில் ஒரு லாட்ஜ் கழிவுநீரைக் குழாய் வைத்துக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. பழைய தலைவரால் அதைத் தொட முடியவில்லை, ஓட்டு, சொந்தம், சங்கடம். எனக்கு ஓட்டும் இல்லை சொந்தமும் இல்லை. நோட்டீஸ் கொடுத்தேன், கெடு முடிந்ததும் குழாயை அடைக்கச் சொன்னேன், தீர்ந்தது. ஊர் ஜமாஅத்தில் முக்கியமானவர் ஹபீபு காக்கா, அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். அவர் அலுவலகத்துக்கே வந்து பாராட்டினார்.

“மேடம், எலக்‌ஷனே வேணாம். நீங்களே இருந்துருங்க. அல்ஹம்துலில்லாஹ், ஊரு சுத்தமா இருக்கு.”

எனக்கு இனிக்கத்தான் செய்தது. வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது உறைத்தது. நான் நல்லவளாக இருக்கிறவரைக்கும் சரி. நாளைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போனால் இந்த ஊர் என்னை என்ன செய்ய முடியும்? ஒரு மயிரும் செய்ய முடியாது. மன்னிக்கவும், அந்தச் சொல்தான் அன்றைக்கும் மனதில் வந்தது.

இனி என் மேலதிகாரியைப் பற்றி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனதும் மோர் வரும். பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார், மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார். கோப்பில் எது அவருக்குப் பிடிக்கவில்லையோ அதன் ஓரத்தில் பென்சிலால் ‘பேசவும்’ என்று எழுதி அனுப்புவார். பேனாவால் எழுத மாட்டார். நாம் கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போவோம். பேசி முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, அந்தச் சொல்லைப் பதமாக அழித்து, தூளை ஊதிவிட்டு, கோப்பை இரண்டு கையாலும் நம்மிடம் நீட்டுவார். அவர் என்ன சொன்னார் என்பதற்கு உலகத்தில் சாட்சி கிடையாது. கோப்பில் இருப்பது நம் கையெழுத்து மட்டும். இத்தனை வருடச் சர்வீஸில் நான் பயந்தது கத்துகிற அதிகாரிகளைக் கண்டு அல்ல, இந்த ரப்பரைக் கண்டுதான்.

பட்டினத்தைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு முன்பிருந்தே உண்டு. சேர்ப்பார்கள் என்று ஒரு மாதம், மாட்டார்கள் என்று ஒரு மாதம், தனிப் பேரூராட்சி ஆக்குவார்கள் என்று இன்னொரு மாதம். தன் ஊர் நாளைக்கு என்னவாக இருக்கும் என்று தெரியாமல் ஒரு ஊரே இருந்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இணைப்புப் பற்றி ஊராட்சி மன்றத்தின் கருத்தைத் தெரிவிக்கவும். கிராம சபையில் வைத்து முடிவெடுக்கலாம் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். ஓரத்தில் பென்சிலோடு திரும்பி வந்தது. போனேன். மோர் வந்தது.

“ஆட்சேபணை இல்லைன்னு ஒரு தீர்மானம் போட்டுருங்கம்மா. லேசான விஷயம்.”

“கிராம சபையில வைக்கணும் சார். நகராட்சியானா மேலக்குடியிருப்புக்கு நூறு நாள் வேலை போயிரும்.”

“வைங்க, நான் வேணாம்னு சொல்லலையே. வச்சதா இருந்தாப் போதும்.” ரப்பரை எடுத்தார். “சின்னவன் பரீட்சை நல்லா எழுதியிருக்கானா?”

சபை கூடப்போவது பட்டினத்துக்கும் தெரியவேண்டும் என்று ஹபீபு காக்காவை வரச் சொன்னேன். வந்தவர் சிரித்த முகமாகச் சொன்னார்:

“ஜும்ஆ முடிஞ்சு ஊர்ல பேசிட்டோம் மேடம். நகராட்சியானா ரோடு வரும், பிளான் அப்ரூவல் சுளுவா கெடைக்கும். நமக்குச் சம்மதம். நீங்க எழுதிக்கிருங்க.”

அந்த ஊரின் வழக்கம் அது. எதுவானாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் மண்டபத்தில் பேசி முடிப்பார்கள், பிறகு அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒழுங்கான, நாணயமான வழக்கம்தான். ஆனால் கிராம சபைக்கு அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை.

“அதை அங்க வந்து சொல்லுங்க காக்கா. சட்டப்படி அதுதான் சபை.”

“அது நூறு நாள் ஆளுக கூட்டம்ல மேடம்? நாங்க போயி அங்கன என்ன செய்யிறது?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “அவங்களும் உங்க ஊரு ஆளுகதான். நீங்க சரின்னு சொன்னது அவங்க கஞ்சியைக் கெடுக்குறதுக்குன்னு தெரியுமா?” என்றேன். காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போனார்.

சபை நாள் வந்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. குடியிருப்புப் பெண்கள் வேலைத்தளத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை கிடையாது என்று சொல்லிக் கூட்டி வருவதுதான் எல்லா ஊரிலும் நடப்பது. சபைக்குத் தலை கணக்கு வேண்டும், அதற்கு இந்தத் தலைகள். செயலர் என்னிடம் ஒரு கட்டுத் தாளை நீட்டினார், எல்லாவற்றிலும் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன.

“காலைலயே வாங்கியாச்சு மேடம். வேலை நடக்குற எடத்துலயே.”

“என்ன சொல்லி வாங்குனீங்க?”

“கூட்டத்துக்குன்னு சொன்னேன். தெனமும் வருகைக்குப் போடுறவுகதான, போட்டுட்டாக.”

வேலை வேண்டாம் என்று எழுதப் போகும் தாளில், அந்த வேலையை நம்பிக் கிடப்பவர்களின் கைநாட்டையே வாங்கியாயிற்று. வாங்கியவர் கெட்டவரும் இல்லை. தினமும் நீட்டுகிற மாதிரி நீட்டினார், தினமும் போடுகிற மாதிரி போட்டார்கள். தாள்களில் குறுக்கே கோடு போட்டேன். எழுந்து நின்று தீர்மான வாசகத்தை விட்டுவிட்டுப் பேச்சுத் தமிழில் சொன்னேன்:

“உங்க ஊரை டவுனோட சேர்க்கப் போறாங்க. சேர்த்தா நூறு நாள் வேலை இருக்காது. அட்டை செல்லாது. சம்மதமா, இல்லையா? இதைக் கேக்கத்தான் இந்தக் கூட்டம்.”

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்த பாண்டியம்மாள்தான் முதலில் எழுந்தார். புருஷன் இல்லை, இரண்டு ஆடு, கட்டிக்கொடுத்துத் திரும்பி வந்த ஒரு மகள். அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த அட்டையால்தான்.

“அப்ப காலைல நாங்க போட்டது இதுக்கா?” என்று கேட்டவர், செயலர் பக்கம் திரும்பினார். “ஏலே தம்பி, எனக்கு வாய்க்கரிசியும் குடுத்து, என் கையாலயே போட்டுக்கிறச் சொன்னியாக்கும்? நல்லாருப்பயா நீ?”

அதற்கப்புறம் சாமியானாவே அதிர்ந்தது. ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. நான் அடக்கவும் இல்லை. அப்போதுதான் பின்னால் ஹபீபு காக்கா நிற்பதைப் பார்த்தேன், கூட பட்டினத்து ஆட்கள் சிலர். எப்போது வந்தார்கள் என்று தெரியாது. சத்தம் அடங்கியதும் அவர் பேசினார்.

“நாங்க பேசுனப்ப இந்த விவரம் எங்களுக்குத் தெரியாது. ரோட்டைப் பத்தித்தான் பேசுனோம். ஒரு ஊரு சோத்தைக் கெடுத்து வர்ற ரோடு எங்களுக்கு வேணாம்.” அவரோடு வந்த ஒருவர், “காக்கா, ஜமாஅத்துல முடிவானதை இங்கன மாத்துனா எப்படி?” என்று முணுமுணுத்தார். “அங்க இவுக இல்லையேப்பா” என்றார் காக்கா. சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். கிராம சபை இணைப்பை மறுத்தது. நான் சர்வீஸில் பார்த்த உண்மையான கிராம சபை அது ஒன்றுதான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த முடிவை வைத்துக் கோப்பு அனுப்பினேன். ‘பேசவும்.’ மோர்.

“சபை சொன்னது கருத்தும்மா. நான் கேக்கிறது மன்றத்தோட தீர்மானம்.”

“மன்றம்னா நான்தான சார்.”

“அதான் சொல்றேன். நம்ம கையில இருக்கு.”

“நம்ம கையில இருக்கக் கூடாது சார். அதுதான் என் பிரச்சினை.”

முதல் தடவையாக அவர் ரப்பரை எடுக்க மறந்தார். நான் அலுவலகத்துக்கு வந்து, ‘கிராம சபையின் முடிவை ஏற்று மன்றம் இணைப்பை ஆட்சேபிக்கிறது, ஏகமனதாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீக்கிரமே மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாறுதல் வந்தது. அந்த உத்தரவு மட்டும் பேனாவில் இருந்தது.

என் இடத்துக்கு வந்தவர் முதல் வாரத்திலேயே என் தீர்மானத்தை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்று புதிதாக எழுதினார். அதற்கும் ஏகமனதுதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதுவது நாகரிகமாக இருக்கும். எழுத மாட்டேன், கோபம் உண்டு. பிள்ளை படிப்பு, பதவி உயர்வு, வீட்டுக் கடன் என்று அவருக்கும் ஆயிரம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தன. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்த ஏற்பாட்டின்மேல். ஒரு ஆள் எழுதியதை இன்னொரு ஆள் அழித்தார், அவ்வளவுதானே நடந்தது? சாமியானாவில் தொண்டை கிழியப் பேசிய சனம் இரண்டு தடவையும் காகிதத்துக்கு வெளியேதான் நின்றது.

பிறகு தேர்தல் வந்தது, தலைவர் வந்தார். அவர் இருந்தவரைக்கும் கோப்பு தூங்கியது. தூங்கியதே தவிர சாகவில்லை. பட்டினத்தில் வீடு கட்டுகிறவர்கள் பாதியில் நிறுத்தினார்கள், நிலம் வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். இப்போது தலைவரின் பதவிக்காலம் முடிந்ததும் கோப்பு எழுந்து உட்கார்ந்துகொண்டது. மன்றம்தான் எப்போதோ சம்மதம் கொடுத்துவிட்டதே! பட்டினம் நகராட்சியோடு சேர்ந்தது. வார்டு பிரிக்கும் வேலை முடியாததால் புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு அங்கும் கவுன்சிலர் கிடையாது, அதிகாரி மட்டும்தான். பளிங்குத் தரை போட்ட பட்டினத்துக்கும் கேட்க நாதி இல்லை, மண் தரை போட்ட குடியிருப்புக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் இரண்டு தெருவையும் சமமாக நடத்திவிட்டது.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் பாண்டியம்மாள் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஆபீசரம்மா, அட்டை செல்லாதுன்னுட்டாக. ஊருணி வேலையை நிப்பாட்டியாச்சு. மக தையல் கத்துக்கிட்டிருந்தா, அதையும் விட்டுட்டுக் கரிமூட்டத்துக்கு வாரா. ஒரு மனு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் கூடவே போனேன். குடியிருப்புப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள், வேனை ஏற்பாடு செய்தது ஹபீபு காக்கா. உடம்பு முடியாத மனிதர், முன் இருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தார். வரிசை நகர்ந்து மேசைக்கு வந்ததும், அங்கே இருந்த அதிகாரி என்னை அடையாளம் கண்டு எழுந்தார்.

“மேடம், நீங்க ஏன் வரிசையில? உள்ள வந்து உக்காருங்க.”

“நான் இவங்களுக்குப் பின்னாடி வந்தவ. முதல்ல இவங்களைக் கேளுங்க” என்றேன்.

அவர் உட்கார்ந்து மனுவைப் படித்தார். பொறுமையாகத்தான் பேசினார். “அம்மா, இது முறைப்படி நடந்தது. உங்க ஊராட்சி மன்றமே சம்மதிச்சுத் தீர்மானம் போட்டிருக்கு.”

“மன்றம்னா யாரு?” என்றார் பாண்டியம்மாள். “நாங்கதான் கூட்டத்துல வேணாம்னமே.”

“அது கிராம சபைம்மா. இது மன்றம். அப்ப தலைவரெல்லாம் இல்ல. தனி அலுவலர் இருந்தாரு.”

“எத்தனை பேரு?”

அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். “ஒருத்தர்தாம்மா.”

“அந்த ஒருத்தரு எங்க ஊர்ல எந்தத் தெரு?”

அதிகாரி மனுவில் முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார். பாண்டியம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னால் இருந்த நாங்களும் நகரவில்லை.